சமவெளியிலிருந்து பனிமலைக்கு: உயர்மலைப் பயணத்துக்கு ஆயத்தமாதல்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற மீன்பிடி ஊர்கள் கடல்மட்டத்தை ஒட்டியே அமைந்துள்ளன. மாவட்டத் தலைநகரும் அதைவிட ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. நார்த்தாமலை, குடுமியான்மலை, விராலிமலை என மலையின் பெயரைத் தாங்கிய ஊர்கள் இங்கு பல இருந்தாலும், அவை சமவெளியில் எழுந்து நிற்கும் பாறைக் குன்றுகளே அன்றி, காற்று மெலியும் அளவுக்கு உயர்ந்த மலைகள் அல்ல. இத்தகைய நிலத்தில் வாழ்பவர்கள் கைலாயத்துக்கும் முக்திநாத்துக்கும் யாத்திரையாகவும், உத்தராகண்ட், லடாக், நேபாளம் ஆகிய பகுதிகளின் மலைப்பாதைகளுக்கு நடைப்பயணமாகவும், வழிகாட்டிகளின் துணையோடு செல்லும் வாய்ப்பு இன்று பெருகியுள்ளது. அப்பயணத்துக்கான ஆயத்தம் இரு கூறுகளைக் கொண்டது. ஒன்று, நாள்தோறும் பல மணி நேரம் ஏறி இறங்குவதற்கான உடல் வலு. மற்றொன்று, குறைந்த காற்றழுத்தத்துக்கு உடல் பழகுதல். முன்னதை ஊரிலேயே ஈட்டிக்கொள்ளலாம். பின்னதை மலையில், அதற்குரிய நாட்களைக் கொடுத்து மட்டுமே பெற முடியும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே உயர்மலைப் பயணங்களில் நேரும் பல துன்பங்களுக்கு வேராக உள்ளது.

உயரம் உடலுக்குச் செய்வது

காற்றில் ஆக்சிஜனின் பங்கு கடற்கரையிலும் பனிமலை உச்சியிலும் ஏறத்தாழ 21 விழுக்காடுதான். மாறுவது காற்றின் அழுத்தம். மேலே செல்லச் செல்ல அழுத்தம் குறைவதால், ஒரே அளவு மூச்சில் நுரையீரலுக்குள் செல்லும் ஆக்சிஜன் குறைகிறது; 5,500 மீட்டர் உயரத்தில் அது கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. மருத்துவர்கள் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களை உயர்மலைப் பகுதி எனக் கொள்கின்றனர். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவின் உயரமே 2,637 மீட்டர் என்பதால், இம்மாநிலத்துக்குள் எந்த மலையில் பயிற்சி செய்தாலும் உயர்மலைக் காற்றுக்கு உடலைப் பழக்கிவிட முடியாது.

ஆக்சிஜன் குறைந்ததை உணர்ந்தவுடன் உடல் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு வாங்கத் தொடங்குகிறது. இதயத் துடிப்பும் கூடுகிறது. வேகமான மூச்சினால் கரியமில வாயு மிகுதியாக வெளியேறி, இரத்தத்தின் அமில-காரச் சமநிலை காரத்தின் பக்கம் சாய்கிறது. சிறுநீரகங்கள் அந்த மிகைக் காரத்தைச் சிறுநீரின் வழியே கழித்துச் சமநிலையை மீட்கச் சில நாட்கள் ஆகின்றன. சிவப்பணுக்கள் போதிய அளவு பெருகுவதற்கோ வாரங்கள் தேவை. இந்த மாற்றங்களின் தொகுப்பே உயரத்துக்குப் பழகுதல் எனப்படுகிறது.

உடல் பழகுவதற்கு முன்பே ஒருவர் மேலே சென்றுவிட்டால் உயர்மலை நோய் தோன்றுகிறது. தலைவலி, குமட்டல், பசியின்மை, சோர்வு, தலைச்சுற்றல் ஆகியவை அதன் தொடக்கக் குறிகள். இவற்றை அளவிட உலகெங்கும் வழங்கும் லேக் லூயிஸ் மதிப்பீட்டில் தலைவலி, வயிற்றுக் கோளாறு, சோர்வு, தலைச்சுற்றல் ஆகிய நான்குக்கும் தலா 0 முதல் 3 வரை மதிப்பெண் இடப்படுகிறது. தலைவலியுடன் மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் அது உயர்மலை நோய் எனக் கொள்ளப்படுகிறது. இதன் முற்றிய வடிவங்கள் இரண்டு. மூளையில் நீர் கோத்து வீக்கம் ஏற்பட்டால் நோயாளி குழப்பமாகப் பேசுவார், நேர்கோட்டில் அடிமேல் அடிவைத்து நடக்க இயலாமல் தள்ளாடுவார். நுரையீரலில் நீர் கோத்தால் ஓய்வாக அமர்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கும், வறட்டு இருமல் தொடங்கிப் பின்னர் நுரைத்த சளி வெளிப்படும். இரண்டுமே உரிய நேரத்தில் கீழே இறக்காவிட்டால் உயிரைப் பறிப்பவை.

வலு வேறு, பழக்கம் வேறு

இந்நோய் பற்றிய மருத்துவ அறிவில் இந்தியாவுக்குத் தனி இடம் உண்டு. 1962 சீனப் போரை ஒட்டிய காலத்தில் சமவெளியிலிருந்து இமயத்துக்கு விரைந்து அனுப்பப்பட்ட படைவீரர்களிடையே இந்நோய் பரவலாகக் காணப்பட்டது. இந்தர் சிங் என்னும் இந்தியப் படை மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. நோயுற்றவர்கள் கட்டுடல் வாய்ந்த இளம் வீரர்கள் என்பது இங்கு கருதத்தக்கது. தசையின் வலு உயர்மலை நோயைத் தடுப்பதில்லை. இந்தியப் படை இன்று கடைப்பிடிக்கும் முறையில், 9,000 முதல் 12,000 அடி வரையிலான உயரத்தில் 6 நாட்களும், 12,000 முதல் 15,000 அடி வரை 4 நாட்களும், அதற்கு மேல் மேலும் 4 நாட்களும் பழகிய பிறகே வீரர்கள் பணியில் அமர்த்தப்படுகின்றனர்.

பழனிக்கும் சமயபுரத்துக்கும் ஆண்டுதோறும் பாதயாத்திரை செல்லும் வழக்கமுள்ள புதுக்கோட்டைச் சீமையில் நெடுந்தொலைவு நடப்பது புதிதன்று. நாள் ஒன்றுக்கு 30 கிலோமீட்டர் நடக்கும் கால்கள் மலைப்பாதையில் பேருதவி புரியும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த வலுவே இடராகவும் மாறக்கூடும். நன்றாக நடக்கக்கூடியவர் வேகமாக ஏறி, உடல் பழகுவதற்குள் மிகுந்த உயரத்தை அடைந்துவிடுகிறார். மெதுவாக ஏறும் முதியவர் நலமாக இருக்க, முன்னால் விரைந்த இளைஞர் படுத்துவிடுவது மலைமுகாம்களில் அரிதன்று.

சமவெளியில் பிறந்தது ஒரு தடையும் அன்று. விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதம் 8,849 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்ட்டின் உச்சியை அடைந்து, தமிழ்நாட்டிலிருந்து அச்சிகரம் ஏறிய முதல் பெண்ணாகப் பெயர் பெற்றார். எவரெஸ்ட் ஏற்றம் பொதுவாக இரண்டு மாதங்கள் வரை நீள்வதற்கு முதன்மையான காரணம், இடையிடையே ஏறி இறங்கி உடலைப் பழக்க வேண்டியிருப்பதே.

ஊரில் முடிக்க வேண்டியவை

பயணத்துக்கு மூன்று அல்லது நான்கு மாதங்களுக்கு முன்பே ஆயத்தம் தொடங்க வேண்டும். முதல் படி மருத்துவப் பரிசோதனை. இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு, மார்பு எக்ஸ்ரே ஆகியவற்றோடு, நாற்பதைக் கடந்தவர்கள் இதயத்தின் தாங்குதிறனைக் காட்டும் டிரெட்மில் பரிசோதனையையும் செய்துகொள்வது நல்லது. ஹீமோகுளோபின் என்பது இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் பொருள் ஆதலால், இரத்தசோகை உள்ளவர்கள் அதைச் சரிசெய்துகொள்ளாமல் புறப்படலாகாது. தென்கயிலாயம் எனப்படும் கோயம்புத்தூர் வெள்ளியங்கிரி, உயர்மலைப் பகுதி என்னும் வரையறைக்குள் வராத மலை. அங்கேயே ஏறும்போது மாரடைப்பால் பக்தர்கள் உயிரிழந்த செய்திகள் வருவதை நினைத்தால், இப்பரிசோதனையின் தேவை விளங்கும்.

அடுத்தது பயிற்சி. வாரத்தில் நான்கைந்து நாட்கள் விரைநடையோ மெல்லோட்டமோ மேற்கொண்டு, படிப்படியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் நீட்டிக்க வேண்டும். ஏற்றத்துக்கான பயிற்சிக்கு மாவட்டத்தின் குன்றுகளே போதும். விராலிமலை முருகன் கோயிலுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட படிகள் உள்ளன. ஒரு படியை 15 சென்டிமீட்டர் எனக் கொண்டால் ஒருமுறை ஏறினால் கிடைப்பது 30 மீட்டர் உயரம். இமயப் பாதைகளில் ஒரே நாளில் 600 மீட்டர் ஏற வேண்டியிருப்பது இயல்பு என்பதால், அதற்கு ஈடான உழைப்புக்கு அப்படிகளை 20 முறை ஏற வேண்டும் என்னும் கணக்கு, பயிற்சியின் அளவை உணர்த்தும். விஜயாலய சோழீசுவரம் அமைந்துள்ள நார்த்தாமலையின் மேலமலைப் பாறைச் சரிவு, படிகளற்ற நிலத்தில் கால் ஊன்றிப் பழக ஏற்றது. தொல்லியல் சின்னங்கள் நிறைந்த இடம் என்பதை மனத்தில் கொண்டு அங்கு நடந்துகொள்ள வேண்டும்.

ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலுக்கும் தொடைத் தசைக்கும் கூடுதல் சுமையைத் தருகிறது. பயணம் முடியும் தறுவாயில் முழங்கால் வலியால் துன்புறுபவர்கள் பெரும்பாலும் இறக்கத்துக்குப் பயிற்சி செய்யாதவர்களே. எனவே உட்கார்ந்து எழும் பயிற்சியையும், முதுகுப் பையில் 6 முதல் 8 கிலோ வரை சுமந்து இறங்கும் பயிற்சியையும் வாரம் ஒருமுறையேனும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பயணத்தில் அணியப்போகும் காலணியையே இப்பயிற்சிகளிலும் அணிந்தால், அது காலுக்கு இணங்கிக் கொப்புளங்கள் வாராமல் காக்கும். புதுக்கோட்டையின் கோடை வெயிலில் இவற்றை விடியற்காலையில் முடித்துக்கொள்வது தேவை.

முன்பின் மலையேறாதவர்கள் இமயத்துக்கு முன் தமிழகத்தின் காடுகளில் ஒரு வெள்ளோட்டம் பார்க்கலாம். வனத்துறை சார்பில் 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம், 14 மாவட்டங்களில் 40 பாதைகளை எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை எனப் பிரித்து, பழங்குடியினரும் காட்டோர மக்களுமான பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் நடத்துகிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த நிகழ்வு, காய்ந்த கோடைப் பருவத்தில் முறையான அனுமதியின்றிக் காட்டுக்குள் செல்வதன் விலையை உணர்த்தியது. அதன் பின்னரே மலையேற்றத்துக்கான விதிமுறைகள் மாநிலத்தில் வகுக்கப்பட்டன.

கைலாய யாத்திரை காட்டும் முறை

வழிகாட்டலுடன் கூடிய உயர்மலைப் பயணம் எவ்வாறு திட்டமிடப்பட வேண்டும் என்பதற்குத் தமிழர்கள் நன்கறிந்த எடுத்துக்காட்டு, இந்திய வெளியுறவு அமைச்சகம் நடத்தும் கைலாஷ் மானசரோவர் யாத்திரை. 2020 முதல் நின்றிருந்த இந்த யாத்திரை 2025-ல் மீண்டும் தொடங்கியபோது, உத்தராகண்டின் லிபுலேக் கணவாய் வழியே தலா 50 பேர் கொண்ட 5 குழுக்களும், சிக்கிமின் நாதுலா கணவாய் வழியே 10 குழுக்களும் என ஏற்பாடு செய்யப்பட்டது. வயது 18-க்கும் 70-க்கும் இடையில் இருக்க வேண்டும். எடைக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தைக் காட்டும் உடல் நிறை குறியீடு 25-க்கு மிகாமல் இருக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் டெல்லியில் சில நாட்கள் தங்கி மருத்துவப் பரிசோதனைகளை முடிக்கின்றனர். லிபுலேக் வழியில் செல்பவர்களை, 3,200 மீட்டர் உயரத்திலுள்ள குஞ்சி முகாமில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் மருத்துவர்கள் மீண்டும் ஆராய்கின்றனர். டெல்லியில் தேறியவராயினும் குஞ்சியில் தேறாவிட்டால் மேலே செல்ல இயலாது.

இரண்டாவது பரிசோதனையை மலையிலேயே வைத்திருப்பதில்தான் இந்த முறையின் நுட்பம் உள்ளது. டெல்லி ஆய்வு உடலின் நலத்தைக் காட்டுகிறது. உயரத்துக்கு அவ்வுடல் எவ்வாறு இணங்குகிறது என்பதைக் குஞ்சி ஆய்வு காட்டுகிறது. அதற்குப் பிறகு 5,000 மீட்டரைத் தாண்டிய லிபுலேக் கணவாயும், கைலாய வலத்தின் உச்சமான 5,630 மீட்டர் உயரமுள்ள டோல்மா கணவாயும் காத்திருக்கின்றன.

வைணவ திவ்விய தேசங்கள் 108-இல் ஒன்றான நேபாளத்து முக்திநாத் பயணத்திலோ இத்தகைய படிநிலைகள் பெரும்பாலும் அமைவதில்லை. 800 மீட்டர் உயரமுள்ள போக்கராவிலிருந்து விமானத்தில் 20 நிமிடங்களில் 2,700 மீட்டர் உயரமுள்ள ஜோம்சோமுக்குச் சென்று, அங்கிருந்து வண்டியில் 3,700 மீட்டர் உயரமுள்ள கோயிலை ஒரே நாளில் அடைந்துவிட முடிகிறது. பெரிதாக நடக்க வேண்டியதில்லை என்பதால் இது எளிய பயணமாகத் தோன்றினாலும், உடல் பழகுவதற்கான அவகாசம் இங்குதான் மிகக் குறைவு. மூத்தோர் மிகுதியாகச் செல்லும் இந்த யாத்திரையில் ஜோம்சோமிலேனும் ஓர் இரவு தங்கிச் செல்லுமாறு திட்டத்தை மாற்றிக் கேட்பது குடும்பத்தாரின் கடமை. விமானத்தில் நேரே 3,500 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடும் லே நகருக்கும் இது பொருந்தும். அங்கு முதல் இரு நாட்கள் ஓய்வு கட்டாயம்.

வழிகாட்டியைத் தேர்தல்

தனியார் நிறுவனங்கள் நடத்தும் பயணங்களில் கட்டணத்துக்கு முன் பார்க்க வேண்டியது நாள்வாரித் திட்டம். 3,000 மீட்டருக்கு மேல், ஓர் இரவு உறங்கும் இடத்துக்கும் மறு இரவு உறங்கும் இடத்துக்கும் இடையே 500 மீட்டருக்கு மிகாத உயர்வும், மூன்று அல்லது நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரே உயரத்தில் மற்றோர் இரவும் இருக்க வேண்டும் என்பது உயர்மலை மருத்துவத்தின் பொது விதி. பகலில் இன்னும் உயரே ஏறிவிட்டுக் கீழே வந்து உறங்குவது பழகுதலுக்குத் துணைசெய்யும். நேபாளத்தின் எவரெஸ்ட் அடிவார முகாமுக்குச் செல்லும் முறையான பயணங்களில், 3,440 மீட்டர் உயர நாம்சே பஜாரிலும் 4,410 மீட்டர் உயர டிங்போச்சேயிலும் கூடுதலாக ஒவ்வோர் இரவு தங்குவது இதனால்தான். இரண்டு நாட்களைச் சுருக்கிக் குறைந்த விலையில் விற்கப்படும் திட்டம், அந்த நாட்களைப் பயணியின் உடலிலிருந்தே கழிக்கிறது.

அடுத்து, குழுத்தலைவரின் தகுதி. டார்ஜிலிங்கில் 1954-ல் நிறுவப்பட்ட இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம், உத்தரகாசியின் நேரு மலையேற்றப் பயிற்சி நிலையம், மணாலியின் மலையேற்ற நிறுவனம் போன்றவற்றில் பயின்றவரா, முதலுதவிப் பயிற்சி உடையவரா, அப்பாதையில் முன்பு சென்றவரா என்று கேட்க வேண்டும். எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி, ஆக்சிஜன் உருளை உண்டா, விரல்நுனியில் மாட்டி இரத்த ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டர் நாள்தோறும் பயன்படுத்தப்படுமா, நோயுற்றவரை எந்த வழியில் எவ்வளவு நேரத்தில் இறக்குவார்கள், சுமைதூக்குவோருக்குக் குளிராடையும் காப்பீடும் தரப்படுகின்றனவா என்பவையும் கேட்கத்தக்கவை. தெளிவான விடை தராத நிறுவனத்தைத் தவிர்ப்பதே நன்று. உத்தராகண்டில் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு முகாமிடுவதை 2018-ல் அம்மாநில உயர் நீதிமன்றம் தடைசெய்ததால், விளம்பரத்தில் உள்ள பாதைக்கு இன்று அனுமதி உண்டா என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பருவத்தேர்வும் இதோடு இணைந்தது. உத்தராகண்டுக்கு மே, ஜூன் மாதங்களும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களும், லடாக்குக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையும், நேபாளத்துக்கு மார்ச் முதல் மே வரையும் அக்டோபர், நவம்பரும் ஏற்றவை. புதுக்கோட்டையின் கண்மாய்கள் வடகிழக்குப் பருவமழையை எதிர்நோக்கும் வேளையில், இமயத்தில் மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். ஆயினும் நல்ல பருவமும் உறுதி அளிப்பதில்லை. 2024 ஜூன் மாதத் தொடக்கத்தில் உத்தராகண்டின் சகஸ்ரதால் பாதையில், பெரும்பாலும் கர்நாடகத்தைச் சேர்ந்த 22 பேர் கொண்ட குழு பனிப்புயலில் சிக்கியதில் 9 பேர் உயிரிழந்தனர்.

உடையும் மருந்தும்

ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. புற ஊதாக் கதிரின் தாக்கமோ 10 விழுக்காடு அளவுக்குக் கூடுகிறது. எனவே குளிருக்கும் வெயிலுக்கும் ஒருசேர ஆயத்தமாக வேண்டும். ஒரே தடித்த ஆடையைவிட அடுக்கடுக்காக அணிவதே முறை: வியர்வையை வெளியேற்றும் உள்ளாடை, வெப்பத்தைப் பிடித்துவைக்கும் கம்பளி அல்லது ஃபிளீஸ் ஆடை, இறகு நிரப்பிய ஜாக்கெட், காற்றும் மழையும் புகாத மேலாடை. சமவெளியில் இதமான பருத்தித்துணி மலைக்கு ஆகாது. நனைந்தால் எளிதில் உலராமல் உடற்சூட்டை இழக்கச் செய்யும். பனியில் எதிரொளிக்கும் வெயில் விழிப்படலத்தைச் சுடுமாதலால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி இன்றியமையாதது.

உயர்மலை நோயைத் தடுக்க அசிட்டசோலமைடு என்னும் மாத்திரையை மருத்துவர்கள் பரிந்துரைப்பதுண்டு. அது சிறுநீரகம் காரத்தைக் கழிப்பதை விரைவுபடுத்திப் பழகுதலுக்குத் துணைசெய்கிறதே அன்றி, பழகுதலுக்கு மாற்று ஆகாது. சல்ஃபா வகை மருந்துகள் ஒவ்வாதவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மதுவும் தூக்க மாத்திரையும் மூச்சைத் தளர்த்துவதால் மலையில் விலக்கத்தக்கவை. காப்பீடு எடுக்கும்போது, அது எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு அதில் அடங்குமா என்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் உறவினர் உள்ள குடும்பங்கள் மிகுந்த இம்மாவட்டத்தில் குறிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு: அங்கிருந்து வாங்கிவரும் செயற்கைக்கோள் தொலைபேசியை இந்தியாவில் உரிமமின்றி வைத்திருப்பது சட்டப்படி குற்றம்.

திரும்புவதற்கும் ஆயத்தம்

கைலாயத்தை நாடி முதுமையில் நடந்த திருநாவுக்கரசரின் கால்கள் தேய்ந்து, கைகள் ஓய்ந்து, பின்னும் புரண்டு சென்றதைப் பெரியபுராணம் கூறுகிறது. முனிவர் வடிவில் எதிர்வந்த இறைவன், அது மானிடர் அடைதற்கு அரியது, திரும்புக எனச் சொன்னபோதும் அவர் இசையவில்லை. அது அடியாரின் உறுதி. இன்றைய பயணியோ, திரும்பு என்று வழிகாட்டி சொல்லும்போது இசைந்தே ஆக வேண்டும்; ஏனெனில் அங்கு அவருடைய உயிரோடு, அவரைச் சுமந்து இறக்க வேண்டியவர்களின் உயிரும் அடங்கியிருக்கிறது.

இதற்குரிய விதிகள் மூன்று. உயரத்தில் தோன்றும் தலைவலியை, வேறு காரணம் உறுதியாகும் வரை உயர்மலை நோய் என்றே கொள்ள வேண்டும். குறிகள் இருக்கும்போது மேலும் ஏறலாகாது. குறிகள் மோசமானால் இரவாயினும் உடனே கீழே இறங்க வேண்டும். சில நூறு மீட்டர் இறங்கினாலே நோயாளி தெளிவடைவது பெரும்பாலும் காணப்படும். உடல்நிலையை மறைப்பதே மலையில் மிகப் பெரிய தவறு. விடுப்பும் பணமும் வீணாகுமே என்ற தயக்கம்தான் பலரையும் மறைக்கத் தூண்டுகிறது. ஆகவே பயணத்தைத் திட்டமிடும்போதே மழை, பனி, நோய் ஆகியவற்றுக்காக இரண்டு நாட்களைக் கூடுதலாக ஒதுக்கி, உச்சியை அடையாமல் திரும்பும் வாய்ப்பையும் குடும்பத்தாரிடம் முன்னரே சொல்லிவைக்க வேண்டும். புதுக்கோட்டையிலிருந்து புறப்படுபவர் கால்களுக்கு நான்கு மாதப் பயிற்சியையும், நுரையீரலுக்கு மலையில் போதிய நாட்களையும் கொடுத்துவிட்டால், எஞ்சியதை வழிகாட்டியிடம் நம்பி ஒப்படைக்கலாம். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும், அந்த ஆண்டு பயணத்தை ஒத்திவைப்பதே அறிவுடைமை.